புகைபோக்கியை உயர்த்துவதும் ஒரு கண்டுபிடிப்புதான்

கேள்வி இது: நிலக்கரி, தாது, எண்ணெய் என்று ஏதோ ஒரு வளத்தை நம்பியே வாழும் ஊர்களில் சுற்றுச்சூழல் சட்டத்தைக் கடுமையாக்கினால் புதுத் தொழில்நுட்பம் பிறக்குமா, இல்லை இருக்கிற தொழிலும் போய் ஊர் காலியாகுமா? கூடவே, சட்டம் இறுகிய ஊர்களில் காப்புரிமைகள் கூடுவதாகச் சில சீன ஆய்வுகள் சொல்கின்றனவே, அதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு என் பதில், பிறக்கும். ஆனால் எந்த மாதிரித் தொழில்நுட்பம் பிறக்கும் என்பது சட்டம் எதை அளக்கிறது என்பதைப் பொறுத்தது. ஊர்க்காரர் மூக்குக்கு வரும் புகையை மட்டும் அளந்தால் நிறுவனம் உயரமான புகைபோக்கி கட்டும். மொத்தம் எத்தனை டன் வெளியே போகிறது என்று அளந்து, இன்ன தேதிக்குள் இவ்வளவாகக் குறை என்றால்தான் உலையையே மாற்ற யோசிக்கும். இரண்டும் பொறியியல்தான், இரண்டுக்கும் மூளை வேண்டும், ஆனால் ஊருக்குக் கிடைக்கும் பலன் வேறு வேறு.

இந்த விவாதம் எங்கே தொடங்கியது என்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1991இல் ஹார்வர்டின் மைக்கேல் போர்ட்டர் ஒரு கருத்தைச் சொன்னார். 1995இல் கிளாஸ் வான் டெர் லிண்டேவோடு சேர்ந்து விரிவாகவும் எழுதினார். சரியாக வடிவமைத்த சட்டம் நிறுவனங்களைப் புதிதாக யோசிக்க வைக்கும், அதில் மிச்சமாகும் பணம் சட்டத்துக்காகச் செய்த செலவையே ஈடுகட்டிவிடக்கூடும் என்பது அதன் சாரம். அப்படி மிச்சம் பிடிக்க வழி இருந்திருந்தால் சட்டம் வரும்வரை நிறுவனம் ஏன் கைகட்டி உட்கார்ந்திருந்தது என்று மற்றப் பொருளாதார அறிஞர்கள் மடக்கினார்கள். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் வளத்தை நம்பிய ஊர்களில் இது இன்னும் சிக்கலாகிறது. தாதுவைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக முடியாது. உலோகத்தின் விலையை உலகச் சந்தை தீர்மானிப்பதால் சட்டத்துக்காகச் செய்த செலவை வாங்குபவர் தலையில் கட்டவும் முடியாது. பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய முதலாளி, ஊரில் பாதிக் குடும்பத்துக்குச் சோறு போடுபவர், அவர் "மூடிவிடுவேன்" என்று சொன்னால் அரசாங்கம் நடுங்கும்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் சட்பரிதான். நிக்கல், செம்பு ஊர். 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்தின் ஓரமாகத் தாது கிடக்கிறது. 1883இல் ரயில் பாதை போடும்போது அது தெரிய வந்தது. அங்கே உலோகத்தைவிட அதிகமாக இருப்பது கந்தகம். அதைப் பிரிக்க முதல் 40 ஆண்டுகளுக்கு மேல் செய்த வேலை இதுதான்: சுற்றியிருந்த காட்டை வெட்டி, விறகைத் திறந்தவெளியில் மெத்தை மாதிரி பரப்பி, மேலே தாதுவைக் குவித்துத் தீ வைத்துவிடுவார்கள். விறகு எரிந்து முடிந்த பிறகும் தாதுவில் இருக்கும் கந்தகமே எரிந்துகொண்டிருக்கும், மாதக்கணக்கில். புகைபோக்கி என்று ஒன்றே கிடையாது. கந்தக டை ஆக்சைடு தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். மரத்தில் பாதி விறகுக்குப் போனது, மிச்சம் புகையில் செத்தது, வேர் பிடிக்க ஆளில்லாத மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது. அடியில் இருந்த பாறை அமிலத்திலும் உலோகத் தூளிலும் கறுத்துப்போய் வெளியே தெரிந்தது. இந்தத் திறந்தவெளிச் சுடுகளங்கள் 1929 வரை ஓடின.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. இருந்தது, புகைக்குப் பாதுகாப்பாக. 1921இல் ஒன்டாரியோ கொண்டுவந்த புகைச் சேத நடுவர் சட்டத்தின்படி விவசாயி நீதிமன்றம் போய் உருக்காலைக்குத் தடை வாங்க முடியாது. நடுவர் ஒருவர் வந்து பயிர்ச் சேதத்தைப் பார்த்து ஒரு தொகை சொல்வார், வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இதை அமெரிக்காவின் டென்னசியில் இருக்கும் டக்டவுன் என்ற செம்பு ஊரோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் இதே திறந்தவெளிச் சுடுகளம், இதே மொட்டைப் பாறை. ஆனால் பக்கத்து மாநிலமான ஜார்ஜியா வழக்குப் போட்டு, 1907இல் உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா பக்கம் நின்றது. ஆலையே நின்றுவிடும் என்ற பயம் வந்ததும் நிறுவனம் புகையைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்றத் தொடங்கியது, போகப்போக அமிலமே செம்பைவிட முக்கியமான சரக்காகிவிட்டது. அங்கே சுரங்கம் 1987இல் மூடிய பிறகும் சில ஆண்டுகள் அமிலம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரே கால கட்டம், ஒரே வேதியியல். ஓர் ஊரில் நீதிமன்றம் போய் ஆலையை நிறுத்தும் வழி அடைபட்டிருந்தது, இன்னொன்றில் பக்கத்து மாநிலத்துக்காவது திறந்திருந்தது.

சட்பரிக்குத் திரும்பலாம். 1960களில் அந்த வட்டாரத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறியது. வட அமெரிக்காவிலேயே ஓரிடத்திலிருந்து கிளம்பும் மிகப் பெரிய புகை அதுதான். 1970இல் ஒன்டாரியோ அரசு பெரிய நிறுவனமான இன்கோவுக்கு ஒரு கட்டுப்பாட்டு ஆணை கொடுத்தது. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஊருக்குள் தரைமட்டத்தில் காற்று சுத்தமாக வேண்டும், அதற்கு உயரமான புகைபோக்கி கட்டு. இரண்டாவது, ஒரு நாளைக்கு வெளியேறும் அளவைப் படிப்படியாகக் குறைத்து 1978 முடிவில் 750 டன்னுக்குக் கொண்டுவா. தொடக்கத்தில் வரம்பு 5,200 டன்.

முதல் விஷயத்தை நிறுவனம் ஜோராகச் செய்தது. 381 மீட்டர் உயரத்தில் 'சூப்பர்ஸ்டாக்' என்ற கான்கிரீட் புகைபோக்கி 1972இல் இயங்க ஆரம்பித்தது. உலகிலேயே உயரமான புகைபோக்கி என்ற பட்டத்தை 1987இல் கசகஸ்தானின் எகிபஸ்டுஸ் மின்நிலையம் பறித்துக்கொள்ளும்வரை வைத்திருந்தது.    பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை. ஊருக்குள் காற்று நிஜமாகவே சுத்தமானது. ஆனால் புகை எங்கேயும் மறைந்துவிடவில்லை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் அமில மழையாக இறங்கியது. சட்பரியைச் சுற்றிச் சுமார் 17,000 சதுர கிலோமீட்டரில் 7,000 ஏரிகள் வரை அமிலமாகியிருந்ததாகக் கணக்கு.

இரண்டாவது விஷயம் என்ன ஆனது? 750 டன் சாத்தியமே இல்லை, அதற்கான தொழில்நுட்பம் கையில் இல்லை, உற்பத்தியாகும் அவ்வளவு அமிலத்தையும் யாரும் வாங்க மாட்டார்கள், வேலை போகும் என்று நிறுவனம் சொன்னது. அமிலம் பற்றிய வாதத்தில் உண்மை இருந்தது: கந்தக அமிலம் எடை அதிகம், விலை குறைவு, சட்பரி இருப்பதோ உர ஆலைகளுக்குத் தூரத்தில், ரயில் தொட்டி வண்டியில் அனுப்பினால் கூலியே விலையைத் தின்றுவிடும். 1978இல் அரசு பின்வாங்கி வரம்பை 3,600 டன்னாகத் தளர்த்தியது. அதே காலத்தில்தான் இன்கோ ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பியது, 1978 - 79இல் எட்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தமும் நடந்தது. இதில் சட்டத்தின் பங்கு எதுவும் இல்லை, நிக்கல் சந்தை படுத்துவிட்டது, அவ்வளவுதான். தளர்த்தினால் வேலை மிஞ்சும் என்றார்கள், தளர்த்திய பிறகும் வேலை போனது. இந்த மாதிரி ஊர்களில் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் மேல் பழியைப் போடுபவர்கள் அந்த ஆண்டு உலோக விலை எங்கே நின்றது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

1980இல் 2,500, 1983இல் 1,950 என்று வரம்பு மறுபடி இறங்கியது. ஆனால் நிஜமான திருப்பம் 1985 டிசம்பர். 'கவுன்ட்டவுன் ஆசிட் ரெயின்' என்று ஒன்டாரியோ ஒரு திட்டத்தை அறிவித்தது. மாகாணத்தில் அதிகப் புகை விடும் நான்கு நிறுவனங்கள், நான்குக்கும் ஆண்டுக்கு இத்தனை டன் என்று தனித்தனி உச்சவரம்பு, எல்லாவற்றுக்கும் ஒரே கெடு: 1994. இன்கோவுக்கு 2,65,000 டன், சட்பரியின் இன்னொரு நிக்கல் நிறுவனமான ஃபால்கன்பிரிட்ஜுக்கு 1,00,000 டன். எந்த உலை, எந்த இயந்திரம் என்று அரசு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆராய்ந்து முடிவெடுக்க மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது, அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று அறிக்கை கேட்டது. 1970 ஆணைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இந்த ஆறு மாத அறிக்கைதான் என்று நினைக்கிறேன். முன்பு எட்டு ஆண்டு கழித்து வந்து "முடியவில்லை" என்று கையை விரிக்க முடிந்தது. இப்போது ஒவ்வொரு அறிக்கையிலும் எதைச் சோதித்தோம், எது ஏன் ஒத்துவரவில்லை என்று எழுதியாக வேண்டும். அமெரிக்காவும் தன் பக்கப் புகையைக் குறைக்க வேண்டும் என்று கனடா வாதாடிக்கொண்டிருந்த காலம் அது, சட்பரியை அப்படியே வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் எடுபடாது, அதனால் அரசும் இந்த முறை வளைந்துகொடுக்கிற நிலையில் இல்லை.

நிறுவனம் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இங்கேதான் போர்ட்டர் சொன்னது பாதி சரி, பாதி இல்லை என்பது தெரிகிறது. பழைய உலை என்பது நீளமான ஒரு பெட்டி. பக்கத்தில் எரிபொருளை எரித்து அந்த வெப்பத்தில் தாதுவை உருக்குவார்கள். எரிபொருளின் புகையும் உள்ளே புகும் காற்றும் கலந்துவிடுவதால் வெளியே வரும் வாயுவில் கந்தக டை ஆக்சைடு ஒன்று, இரண்டு சதவீதம்தான் இருக்கும். அமில ஆலைக்கு நாலைந்து சதவீதமாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும், அதனால் இந்தப் புகையைப் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. மின்னல் உருக்கு உலை என்பது வேறு கதை. தாதுவை மாவாக அரைத்து, கிட்டத்தட்டச் சுத்தமான ஆக்சிஜனோடு உள்ளே ஊதினால் அதிலிருக்கும் கந்தகமும் இரும்புமே எரிபொருளாகிக் குப்பென்று எரிந்துவிடும். வெளியிலிருந்து எரிபொருள் அனேகமாகத் தேவையில்லை. வாயுவில் கந்தக டை ஆக்சைடு 70, 80 சதவீதம் வரை இருக்கும். அப்படியே திரவமாக்கலாம், அமிலமாக்கலாம்.

1993 வாக்கில் இன்கோ சுமார் 60 கோடி கனடா டாலர் செலவழித்துப் பழைய உலைகளை எடுத்துவிட்டு இரண்டு மின்னல் உருக்கு உலைகளையும் புது அமில ஆலையையும் போட்டது. கெடுவுக்கு முன்பே வேலை முடிந்தது. எரிசக்திச் செலவு குறைந்தது, தாதுவில் இருக்கும் கந்தகத்தில் 90 சதவீதம் வெளியே போகாமல் நின்றது. பதினைந்து ஆண்டுக்கு முன் சாத்தியமே இல்லை என்றது, அதே நிறுவனம், அதே ஊர்.

சரி, இது புதுக் கண்டுபிடிப்பா? இல்லை. ஆக்சிஜன் மின்னல் உருக்கு உலையை இன்கோ அதே சட்பரியின் காப்பர் கிளிஃப் ஆலையில் 1952லேயே செம்புக்காக ஓட்டத் தொடங்கிவிட்டது, அதிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடைத் திரவமாக்கிக் காகித ஆலைகளுக்கு விற்கவும் செய்தது. பின்லாந்தின் அவுட்டோகும்பு இன்னொரு வகை மின்னல் உலையை ஹர்யாவல்தாவில் 1949இல் ஓட்டியது, அதற்குக் காரணம் போருக்குப் பின் அங்கே இருந்த மின்சாரப் பஞ்சம். இரண்டுமே எரிபொருளைச் சேமிக்கப் பிறந்தவை. சுற்றுச்சூழல் சட்டம் பெற்றெடுத்த பிள்ளைகள் அல்ல. நாற்பது ஆண்டாகக் கையிலேயே இருந்ததை நிக்கலுக்கும் சேர்த்து ஊர் முழுக்க விரிக்க வைத்ததுதான் சட்டத்தின் வேலை. அந்த விரிவாக்கத்தில் சின்னச் சின்னப் புது விஷயங்கள் நிறைய வந்தன, உண்மைதான். ஆனால் சட்டம் கண்டுபிடிப்பைவிடப் பரவலைத்தான் அதிகம் செய்கிறது என்பது என் கருத்து, காப்புரிமையை எண்ணுபவர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

இன்னொரு வழியையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். அந்தத் தாதுவில் பைரோடைட் என்று ஒரு கனிமம் உண்டு, இரும்பும் கந்தகமும்தான், நிக்கல் சொற்பம். அதை உலைக்கு வரும் முன்பே, அரைக்கிற கட்டத்திலேயே பிரித்துத் தள்ளிவிட்டால் பாதிக் கந்தகம் புகையாகவே ஆகாது. மலிவான, புத்திசாலித்தனமான வழி. ஆனால் தள்ளிய பைரோடைட் கழிவுக் குளத்துக்குப் போகிறது, காற்றும் நீரும் பட்டால் அங்கே அமிலமாகக் கசியும். புகைக்கு உச்சவரம்பு போட்டால் கழிவு தண்ணீர்ப் பக்கம் நகரும், தண்ணீருக்குப் போட்டால் நிலத்துக்கு நகரும்.

இனி ஊர். புதுமையெல்லாம் ஊருக்குச் சேர்ந்ததா? இன்கோவின் பெரிய ஆராய்ச்சிக் கூடம் இருந்தது சட்பரியில் அல்ல, டொரன்டோவுக்குப் பக்கத்தில், மிசிசாகாவின் ஷெரிடன் பார்க்கில், 400 கிலோமீட்டர் தள்ளி. தங்கச் சுரங்கக் கழிவில் இருக்கும் சயனைடைக் கந்தக டை ஆக்சைடும் காற்றும் கொண்டு அழிக்கும் முறை இன்கோவுடையது, 1980களிலிருந்து உலகம் முழுக்கத் தங்கச் சுரங்கங்களில் ஓடுகிறது. அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் சட்பரிக்காரருக்கு அதில் நேரடியாக எத்தனை வேலை? இதற்கிடையில் சுரங்க நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் எண்ணிக்கை 1970களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் சில மடங்கு குறைந்துவிட்டது. இப்போது சட்பரியில் சுரங்கத்துக்கு இயந்திரம், பழுது பார்ப்பு, மென்பொருள், பாறை ஆய்வு என்று சேவை செய்யும் நிறுவனங்கள் சுமார் 300 இருக்கின்றன, உலகச் சுரங்கங்களுக்கெல்லாம் விற்கின்றன. அதைக் காட்டி "பாருங்கள், சுற்றுச்சூழல் சட்டத்தின் வெற்றி" என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் வேறு காரணங்களால் வளர்ந்தவை: பெரிய நிறுவனம் ஆட்குறைப்பு செய்து வேலையை வெளியே கொடுத்தது, சுரங்கம் இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனதால் பாறை வெடிப்பும் காற்றோட்டமும் புதுப் பிரச்சினைகளாக வந்தன.

சட்டத்தோடும் புகையோடும் நேராகத் தொடர்புள்ள, ஊருக்கே சொந்தமான புதுமை ஒன்று உண்டு, ஆனால் அது எந்தக் காப்புரிமைப் பட்டியலிலும் வராது. 1978இல், ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களையும் கல்லூரி மாணவர்களையும் வைத்து நகராட்சி மொட்டைப் பாறைகளைப் பச்சையாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. லாரன்ஷியன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கீத் வின்டர்ஹால்டர் போன்றவர்கள் அதற்கு முன்பே சோதனை போட்டு ஒரு விஷயத்தைக் கண்டிருந்தார்கள்: மண்ணை முழுக்க மாற்ற வேண்டாம், அரைத்த சுண்ணாம்புக்கல்லைத் தூவி அமிலத்தைக் கொஞ்சம் தணித்தாலே போதும், உலோக நஞ்சு வேரில் ஏறுவது குறைந்து, காற்றில் வரும் பூர்ச்ச மர விதையெல்லாம் தானாகவே முளைக்கும். வண்டி ஏறாத பாறைச் சரிவு. வரிசையாக நின்று சுண்ணாம்பு மூட்டையைத் தோளில் சுமந்து, பிரித்து, கையால் கொட்டிப் பரப்பிக்கொண்டே நகர வேண்டும். அடுத்து உரம், பிறகு புல்லும் பயறு வகைச் செடியும் கலந்த விதை. மரக்கன்று அதற்கப்புறம். இன்று வரை 1 கோடிக்கு மேல் மரங்கள் நட்டாகிவிட்டது. 1992இல் ரியோ மாநாட்டில் ஐ.நா. விருதும் கிடைத்தது. உலோகத்தால் கெட்ட நிலத்தை மீட்பது எப்படி என்று கற்க உலகமெங்கும் இருந்து அங்கே போகிறார்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், மேலே புகை குறையாமல் கீழே எத்தனை மூட்டை கொட்டியிருந்தாலும் மறுபடி அமிலமாகியிருக்கும்.

ஊருக்கே பலன் தங்கிய உதாரணம் வேண்டுமானால் ஜப்பானில் எஹிமே மாநிலத்தின் நீஹாமா. 1691 முதல் ஓடிய பெஷ்ஷி செம்புச் சுரங்கம், சுமிட்டோமோ குடும்பத்துடையது. 1893இல் புகையால் பயிர் போகிறது என்று விவசாயிகள் கிளர்ந்தார்கள். இபா தெய்கோ என்ற நிர்வாகி உருக்காலையையே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் ஷிசாகா தீவுக்கு மாற்ற முடிவெடுத்தார், 1905இல் அங்கே உலை ஏறியது. சட்பரியின் புகைபோக்கி மாதிரியேதான் இதுவும் ஆனது, புகை கடல் தாண்டிப் பரவி முன்பைவிட அதிகமான ஊர்களைத் தொட்டது. 1910இல் அரசு நடுவில் நின்று ஓர் ஒப்பந்தம் போடவைத்தது: நஷ்டஈடு மட்டுமல்ல, ஆண்டுக்கு உருக்கும் தாதுவின் அளவுக்கே வரம்பு, நெல்லுக்கு முக்கியமான நாட்களில் இன்னும் குறைவாக. உற்பத்தியையே கட்டிப்போட்ட பிறகு நிறுவனத்துக்கு வேறு வழி இல்லை. 1913இல் அந்தக் கந்தகத்தைக் கொண்டு சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்க நீஹாமாவில் ஒரு பிரிவு தொடங்கினார்கள். புகையால் பயிர் இழந்த அதே நாட்டு விவசாயிகளுக்கு உரம்! அதுதான் இன்றைய சுமிட்டோமோ கெமிக்கல். 1929இல் ஜெர்மானியப் பீட்டர்சன் முறை அமில ஆலை, 1939இல் மிச்சப் புகையை அம்மோனியாவால் நடுநிலையாக்கும் ஆலை என்று போய்ப் புகைப் பிரச்சினையே முடிந்தது. சுரங்கம் 1973இல் மூடியது, நீஹாமா மூடவில்லை. நீஹாமாவுக்கும் சட்பரிக்கும் வித்தியாசம், கந்தகத்தை வாங்கும் சந்தை பக்கத்து வயலிலேயே இருந்தது, புதுத் தொழிலும் அதே ஊரில் அமைந்தது. ஆனால் 1893இலிருந்து 1939 வரை 46 ஆண்டு ஆனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

தோற்ற இடங்களும் இருக்கின்றன. கவுன்ட்டவுன் திட்டத்தின் நான்கு நிறுவனங்களில் ஒன்று அல்கோமா என்ற எஃகு நிறுவனம், அதன் இரும்புத் தாதுச் சுரங்கம் வாவா என்ற சின்ன ஊரில். தரம் குறைந்த, கந்தகம் கலந்த தாது, சுட்டுப் பக்குவப்படுத்தாமல் பயன்படாது. 1998இல் மூடிவிட்டார்கள். மலிவான நல்ல தாது வேறு இடத்தில் கிடைத்தபோது அங்கே எந்தப் புதுமைக்கும் கணக்கு நிற்கவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். வளத்தில் இன்னும் லாபம் மிச்சமிருக்கும் ஊரில்தான் சட்டம் புதுமையைத் தள்ள முடியும். நிலக்கரி ஊர்களில் இன்னொரு சிக்கல்: செம்பிலும் நிக்கலிலும் கந்தகம் வேண்டாத பொருள், பிரித்துவிட்டால் சரக்கு அப்படியே இருக்கும். நிலக்கரியில் விற்கிற சரக்கே எரிந்து புகையாகிறது. தூசியையும் கந்தகத்தையும் பிடிக்கலாம், கார்பனைப் பிடிப்பது வேறு செலவு. அங்கே சுரங்க ஊரில் பிறக்க வேண்டிய புதுமை சுரங்கத்துக்கு வெளியே இருக்கிறது, அதை ஒரு புகைச் சட்டம் தானாகக் கொண்டுவராது.

தூத்துக்குடியையும் சிலர் இந்தப் பேச்சில் இழுப்பதால் ஒரு வார்த்தை. அது வள நகரம் அல்ல, தாது கப்பலில் வந்தது. ஆனால் ஸ்டெர்லைட் செம்பு ஆலையில் இருந்த ஐசாஸ்மெல்ட் உலை பிறந்தது ஆஸ்திரேலியாவின் மவுன்ட் ஐசா என்ற சுரங்க ஊரில், அந்த நாட்டு அறிவியல் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் சேர்ந்து உருவாக்கியது. உலகத் தரமான உலைதான், அமில ஆலையும் கூடவே இருந்தது. நல்ல இயந்திரம் வாங்கியாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து அக்கம்பக்கத்தார் நம்பிக்கை வந்துவிடாது. அளப்பது யார், அளந்ததை யாரிடம் காட்டுகிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. 13 பேரின் உயிர் போன துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2018 மே மாதம் தமிழக அரசு அதை மூடியது.

கடைசியாகச் சீன ஆய்வுகள். 2013இல் சீன அரசு வளத்தை நம்பிய நகரங்கள் என்று 262 இடங்களைப் பட்டியலிட்டு நான்காகப் பிரித்தது: வளர்பவை 31, முதிர்ந்தவை 141, தேய்பவை 67, மீண்டெழுந்தவை 23. ஆய்வாளர்களுக்கு இது அல்வா, ஒரே நாட்டில் இத்தனை ஊர், ஆண்டுவாரிப் புள்ளிவிவரம். சட்டம் இறுகினால் காப்புரிமை கூடுகிறது என்று சிலரும், முதலில் குறைந்து பிறகு கூடுகிறது என்று சிலரும் காட்டியிருக்கிறார்கள். படிக்கும்போது நான் தேடுவது இவைதான். சீனாவில் 'பயன்பாட்டு மாதிரி' என்று ஒரு காப்புரிமை வகை உண்டு, அதற்கு ஆழமான பரிசோதனை கிடையாது, 10 ஆண்டுதான் செல்லும். ஆய்வு அதையும் சேர்த்து எண்ணியிருந்தால் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும், முழுக் கண்டுபிடிப்புக் காப்புரிமையைத் தனியாகக் காட்டியிருந்தால் மேலே படிப்பேன். அடுத்து, காப்புரிமை எந்த ஊர்க் கணக்கில் பதிவானது: ஷெரிடன் பார்க் மாதிரி ஆராய்ச்சிக் கூடமோ தலைமையகமோ பெய்ஜிங்கிலோ மாகாணத் தலைநகரிலோ இருந்தால் சுரங்க ஊரில் நடந்த மாற்றம் கணக்கிலேயே வராது, எதிர்மறையாகவும் ஆகலாம். அப்புறம், 'சட்டத்தின் கடுமை'யை எதை வைத்து அளந்தார்கள் என்பது. ஓர் ஊரில் மாசு குறைந்ததையே கடுமைக்கு அளவுகோலாக வைத்தால், லியாவ்னிங் மாகாணத்தின் ஃபூசின் மாதிரி ஓர் ஊரைத் தப்பாகப் படித்துவிடுவோம். வளம் தீர்ந்த நகரங்களை மாற்றும் முதல் சோதனைக்கு 2001இல் தேர்ந்தெடுத்த ஊர் அது, அங்கிருந்த பிரம்மாண்டமான ஹைஜோவ் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் 2005இல் மூடியது. அங்கே புகை குறைந்ததற்கு ஆய்வாளரின் அட்டவணையில் சட்டத்துக்கு மதிப்பெண் விழும், நடந்ததோ நிலக்கரி தீர்ந்துபோனது.